செல்லியம்மாள் கேட்ட மூலைகள்

அடுத்த அறையில் ஒரு செங்கல் விழுந்தது.

கூடத்தில் ஜெயசீலி டீச்சர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். அது கூரை போடாத கூடம். மேலே வெயிலுக்கு ஒரு ஷாமியானா கட்டியிருந்தார்கள். எதிரே பாயில் இல்லத்துப் பெண் பிள்ளைகள் பத்துப் பேர். அவர்களுக்குப் பின்னால், அந்தப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைதோறும் வந்து இந்த வீட்டைக் கட்டும் தன்னார்வலர்கள் பதினான்கு பேர். எல்லோர் கையிலும் குருத்தோலை இருந்தது. எல்லோர் கண்ணும் மூடியிருந்தது.

"இவங்களுடைய கைகளை ஆசீர்வதியும் ஆண்டவரே. இந்தக் கைகள் எழுப்பின சுவர்கள் என்றைக்கும் அசையாமல் நிற்கும்படி..."

இன்னும் மூன்று செங்கற்கள் விழுந்தன.

டீச்சர் நிறுத்தவில்லை. முப்பத்தொரு வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தொடங்கிய ஜெபத்தைப் பாதியில் விட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. தலைக்கு மேல் விமானப்படை விமானம் தாழப் பறந்தபோதும் நிறுத்தியதில்லை. ஒருமுறை எருமை உள்ளே வந்தபோதும் நிறுத்தியதில்லை. ஆகவே அடுத்த ஏழு நிமிஷம் டீச்சர் சுவர்களுக்காக ஜெபித்தார். பக்கத்து அறையில் ஒரு சுவர் ஒழுங்காக இடிந்துகொண்டிருந்தது. ஆமென் சொல்லி எல்லோரும் கண் திறந்தார்கள். கதவு வராத வாசலில் தொங்கிய தார்ப்பாயை ஹர்ஷா என்ற இளைஞன் விலக்கினான்.

உள்ளே செல்லியம்மாள் நின்றிருந்தாள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. தலையையும் காதையும் சேர்த்துக் கட்டிய துண்டு. கையில் கொத்தனார் கரணை. நேற்று சாயங்காலம் தன்னார்வலர்கள் மார்பு உயரத்துக்குக் கட்டி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போன சுவர் இப்போது முழங்கால் உயரம் இருந்தது. எடுத்த கற்களில் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டி, அவள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

வெளிச்சம் மாறியதால் திரும்பிப் பார்த்தாள். இருபத்துநான்கு பேரும் டீச்சரும் நின்றார்கள். அவள் கையில் இருந்த கல்லில் 'ஹர்ஷா' என்று மார்க்கரால் எழுதியிருந்தது. ஆளுக்கு ஒரு கல்லில் பெயர் எழுதி வைப்பது தன்னார்வலர்களின் வழக்கம்.

"அக்கா, அது நேத்து நான் வெச்ச கல்லு," என்றான் ஹர்ஷா.

"ஆமா தம்பி. நல்ல கல்லு," என்றாள் செல்லியம்மாள். "வெச்ச இடந்தான் சரியில்ல."

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் வழியில், பஸ் போகாத ஒரு தெருவின் கடைசியில் அந்த மனை இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளைக்கு யாரோ எழுதிக் கொடுத்த மனை. தாய் தகப்பன் இல்லாத பத்துப் பெண் பிள்ளைகளை ஜெயசீலி டீச்சர் சேலையூரில் ஒரு வாடகை வீட்டில் வைத்து வளர்த்துவந்தார். வீட்டுக்காரர் மே மாதக் கடைசிக்குள் சாவி வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குள் புது வீடு எழும்பாவிட்டால் பிள்ளைகளை மூன்று விடுதிகளில் பிரித்துத்தான் சேர்க்க வேண்டும். அதில் இரண்டு பேர் அக்கா தங்கை. ஒரே விடுதியில் இரண்டு இடம் கிடைக்காது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள்.

பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை வேலை தொடங்கியது. துரைராஜ் மேஸ்திரியை அமர்த்தினார்கள். அவருக்குச் சித்தாளாக அவர் மனைவி செல்லியம்மாள் வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப் ரோட்டில் மணலில் வண்டி சறுக்கி மேஸ்திரி விழுந்தார். முதுகுத் தண்டில் தட்டு விலகிவிட்டது, மூன்று மாதம் படுக்கை என்றார் டாக்டர். வேறு கொத்தனார் பார்க்கலாமா என்று யோசித்த டீச்சர், தன்னார்வலர்கள்தான் கட்டுகிறார்களே, கொத்தனார் எதற்கு என்று முடிவு செய்தார். கலவை போடச் செல்லியம்மாள் போதும். ஞாயிற்றுக்கிழமை வந்து சுவர்களுக்குத் தண்ணீர் அடித்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் அடிக்க வந்தவள் சுவரைப் பார்த்தாள். தூக்குக்குண்டைப் பிடித்தாள். மேலே நூல் சுவரைத் தொட்டது. கீழே குண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை படுக்க இடம் இருந்தது.

செல்லியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதிலிருந்து சித்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில், செம்பாக்கத்தில் பாதிக் காலனிகளுக்கு அவள் தலைமேல் கலவை போயிருக்கிறது. முப்பத்துநான்கு வருஷம் கீழே நின்று சட்டியை நீட்டியவளுக்கு, மேலே இருப்பவன் எந்தக் கல்லில் தப்புகிறான் என்று தெரியும். சொன்னதில்லை. கொத்தனார்களுக்கு அலுப்பாக இருக்கும் நாட்களில், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, "நீ கட்டு செல்லி," என்று கரணையைக் கொடுப்பார்கள். யாரும் பார்க்காத இடம் என்றால் கழிவுத் தொட்டி. அப்படி இருபது வீட்டுக் கழிவுத் தொட்டிகளின் உள்சுவர்கள் அவள் கட்டியவை. ஒன்றுகூடச் சாயவில்லை. போய்ப் பார்க்கத்தான் வழியில்லை. தரைக்கு மேலே ஒரே ஒரு சுவர், நாலு பேர் பார்க்கிற மாதிரி கட்டி, இதை நான் கட்டினேன் என்று சொல்ல வேண்டும் என்பது அவள் மனதில் கிடந்த ஆசை. அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பூனை படுக்கும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தச் சுவரை ஒட்டித்தான் இரண்டு அடுக்குக் கட்டில்கள் வரப்போவதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இந்த வீட்டுக்குச் சம்பந்தப்பட்ட எல்லோரும் சர்ச்சில் இருந்தார்கள். துரைராஜின் கரணையை எடுத்தாள். பூசி ஒரு நாள்தான் ஆன கலவை, இன்னும் முழுதாக இறுகவில்லை. கல் கையோடு வந்தது. மத்தியானத்துக்குள் பிரித்துத் திரும்பக் கட்டி, தண்ணீரும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"நான் சொல்லிக் குடுத்தது வீண் போவல," என்றார் துரைராஜ், கட்டிலில் படுத்தபடி.

அடுத்த சனிக்கிழமை தன்னார்வலர்கள் வந்து சுவரைப் பார்த்து வியந்தார்கள். ஹர்ஷா ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை; கம்பெனி ஒரு நாள் தொண்டு செய்ய அனுப்பியதில் வந்தவன், பிறகு தானாகவே வர ஆரம்பித்துவிட்டான். "செட் ஆகும்போது ஆட்டோமேட்டிக்கா அலைன் ஆயிடுது," என்று அவன் மற்றவர்களுக்கு விளக்கினான். அவர்களில் ஒன்பது பேர் பொறியியல் படித்தவர்கள். யாரும் மறுக்கவில்லை.

ஜெயசீலி டீச்சர் வேறு காரணம் கண்டார். கோணல் சுவர்கள் ஜெபத்தால் நிமிர்வதாகச் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை கேட்ட ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு லோடு மணல் அனுப்பிவைத்தார்.

இப்படிப் பத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கூடம் வாசல் நிலைக்கு மேல் உயர்ந்தது. சமையலறை உயர்ந்தது. பதினோராம் ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. அன்று பிள்ளைகளோடு ஊர்வலமாக வந்து புது வீட்டில் ஜெபிப்பது என்று டீச்சர் தீர்மானித்தார். முதல்நாளே அறிவித்தும் இருந்தார். ஆனால் டீச்சர் அறிவிப்புகளை ஜெபத்துக்குள்ளேயே வைத்துவிடுவார். கண்ணைத் திறந்துவிட்டால் யாரும் காது கொடுப்பதில்லை என்பது அவருடைய வகுப்பறை அனுபவம். "ஆண்டவரே, நாளைக்குக் காலை ஏழரை மணிக்கு எல்லாரும் குருத்தோலையோடு இங்கே வந்து சேரக் கிருபை செய்யும், வெண்பொங்கல் உண்டு," என்று அவர் வேண்டியபோது செல்லியம்மாள் அங்கே இல்லை. ஜெபம் நீண்டு முதல் சனிக்கிழமையே ஒரு சட்டிக் கலவை இறுகிப்போனது. "நான் கண்ணை மூடினதும் நீ போய்க் கலக்க ஆரம்பி. ஆமென் சொல்றப்போ கலவை ரெடியா இருக்கணும்," என்று அன்றைக்கு டீச்சரே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து செல்லியம்மாள் ஒரு ஜெபத்தின் பின்பாதியையும் கேட்டதில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன்.

அன்று காலை ஊர்வலமாக எல்லோரும் பாடிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் நாலு திசையிலும் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கும். எது எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காதில் துண்டு கட்டியவள் நிச்சயம் பார்க்க மாட்டாள்.

அந்த அறையில் டீச்சர் கேட்டது ஒரே கேள்வி.

"இது மட்டுமா, எல்லாமுமா?"

"எல்லாம் டீச்சர்," என்றாள் செல்லியம்மாள். "அடுப்பாண்ட அலமாரி வெக்கிற சுவத்துல கீழ நாலு வரி கல்லு மட்டும் பசங்க கட்டினதுதான். அது நல்லா வந்துட்டுது."

பதினோரு வார உழைப்பில் நாலு வரி மிஞ்சியதைத் தன்னார்வலர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், மண்வெட்டி பிடித்துத் தன் உள்ளங்கையில் வந்த காய்ப்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"அப்படியே வெச்சிட்டுப் போ செல்லியம்மா," என்றார் டீச்சர். "நான் சொல்ற வரைக்கும் வர வேண்டாம்."

ஒயர்கூடையில் துண்டையும் கரணையையும் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் வெண்பொங்கல் பரிமாறும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பொங்கல் நிறைய மிஞ்சியது என்று பின்னால் தெரிந்தது. பாதி வழியில் கூடை கனத்தது. பார்த்தாள். ஹர்ஷாவின் கல்லும் உள்ளே இருந்தது. திரும்பிப் போய்க் கொடுக்கக் கால் வரவில்லை. தெருவில் போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

மாடம்பாக்கத்தில் அவர்களுடைய வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் துரைராஜ் தன் கையால் கட்டியது. அதன் வாசல் கதவு திறந்தால் திறந்தபடி நிற்காது; விட்டவுடன் தானாகச் சாத்திக்கொள்ளும். காற்று என்பார் துரைராஜ். இருபத்தாறு வருஷமாக அந்தக் காற்று ஒரே திசையில் அடித்துவந்தது. பகலில் ஒரு தண்ணீர்க் குடத்தை முட்டுக் கொடுத்து வைப்பார்கள். அன்றிலிருந்து அந்தச் செங்கல்லை வைத்தார்கள்.

"இன்னாமே, பொழுதோட வந்துட்ட?" என்று கேட்ட துரைராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரகசியமா செய்ற வேலைய சத்தம் போட்டுகினா செய்வ?" என்றார்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வேலை போனதற்காக அல்ல. செம்பாக்கம் அடுக்குமாடியில் திங்கள் முதல் வெள்ளி வரை அவளுக்குச் சட்டி தூக்கும் வேலை இருந்தது. முழங்கால் உயரத்தில் நிற்கும் அந்தச் சுவர்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதை இனி யார் ஏற்றுவார்கள், ஏற்றினால் பிள்ளைகள் பக்கம் சாயாமல் ஏற்றுவார்களா. இரண்டு நாள் இப்படி இருந்தாள். மூன்றாம் நாள் சாப்பிட்டாள்.

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயசீலி டீச்சர் வந்தார். கையில் குடை, முகத்தில் பத்து நாள் தூக்கமின்மை. துரைராஜ் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க மேஸ்திரி," என்று டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். செல்லியம்மாள் டீ வைத்துக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"மூணு மேஸ்திரிகிட்ட கேட்டுட்டேன். மூணு பேரும் ஜூனுக்கு அப்புறம்னு சொல்றாங்க. எனக்கு மே முப்பத்தொண்ணு."

"பசங்க வர்லீங்களா டீச்சர்?" என்றாள் செல்லியம்மாள்.

"போன சனிக்கிழமை வேலை இல்லைன்னு சொல்லியும் ஹர்ஷா வந்தான். ஆன்லைன்ல தூக்குக்குண்டு வாங்கிட்டு வந்திருக்கான். எல்லாச் சுவர்லயும் பிடிச்சுப் பார்த்தான். நீ கட்டினது ஒண்ணும் அசையல. நீ பிரிக்காம விட்டுட்டு வந்த அந்த முழங்கால் சுவர்ல..." டீச்சர் சாய்வின் அளவுக்கு மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"நாலு வரும்," என்றாள் செல்லியம்மாள்.

"மத்தவங்களும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. ஆனா முகம் சரியில்ல. என் முகமும் சரியில்ல. சபையில மூணு தடவை சாட்சி சொன்னேன் செல்லியம்மா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்கலீங்க டீச்சர். நீங்க கண்ண மூடிகினா நான் கலவைக்குப் போயிட்றேன். கண்ணத் தொறந்தா சட்டியத் தூக்கிகினு கீறேன். எப்போ சொல்றது?"

டீச்சர் டீயைக் கொஞ்சம் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முன்ன மாதிரியே வெச்சுக்கலாமா? சனிக்கிழமை அவங்க கட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுல இருப்பேன். நீ வந்தது எனக்குத் தெரியாது. அவங்ககிட்ட நீ இனிமே தொட மாட்டேன்னு சொல்லிடறேன்."

முப்பத்தொரு வருஷம் பரீட்சை அறையில் துண்டுச் சீட்டுப் பிடித்தவர் இதைச் சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ரோசனை," என்றார் துரைராஜ். "யாருக்கும் பேஜாரு இல்ல."

"வாணாம் டீச்சர்," என்றாள் செல்லியம்மாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"சுவருன்னா ரெண்டு மூலதான் டீச்சர். ரெண்டு மூலயும் நேரா ஏறிச்சின்னா, நடுவுல நூலு கட்டிக்கலாம். நூல ஒட்டிகினே கல்ல வெச்சா யாரு வெச்சாலும் சாயாது. மூலய நான் கட்றேன். நடுவ அவங்க கட்டட்டும். பிரிக்கிற வேலயே இல்ல."

"இத்தனை சுலபமா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"மூல கொத்தனாரு கட்றது டீச்சர். சித்தாளு கட்டினா யாரு ஒத்துக்குவா?"

துரைராஜ் சிரித்தார். முதுகு வலித்தது, நிறுத்திக்கொண்டார். "பொம்பள மூல கட்டி எங்கனா பாத்துகீறியா நீ?"

"பாத்ததில்ல. நீயும் பாத்ததில்ல. சும்மா படுய்யா."

பிறகு டீச்சரிடம் திரும்பி, முப்பத்துநான்கு வருஷத்தில் அவள் யாரிடமும் வைக்காத நிபந்தனையை வைத்தாள். "சனிக்கெழம வர்றேன். பகல்ல, அவங்க எல்லாம் பாக்கச் சொல்லோ கட்றேன். கலவய பசங்க போடட்டும், கத்துக் குடுக்குறேன். ஞாயித்துக்கெழம தண்ணி மட்டுந்தான் அடிப்பேன். ஒளிஞ்சிகினு இனிமே ஒரு கல்லும் வெக்க மாட்டேன் டீச்சர். அதுக்கு ஒத்துக்கலன்னா வேற ஆளு பாருங்க."

வேறு ஆள் இல்லை என்று டீச்சர் கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தார்; அது அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை. போய்விடப் போகிறார் என்றே நினைத்தாள். அந்த முழங்கால் சுவரும் கூடவே போய்விடும் என்று நினைத்தாள்.

"சபையில நான் சொன்னது?" என்று டீச்சர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, "ஜெபிச்சிட்டுச் சொல்றேன்," என்று நாற்காலியிலேயே கண்ணை மூடினார்.

செல்லியம்மாள் பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்து இரண்டடி நடந்தாள். அங்கே மணலும் இல்லை, சிமெண்டும் இல்லை. திரும்பி வந்து நின்றாள்.

ஜெபம் நீளமாகப் போனது. பத்துப் பிள்ளைகளின் பெயரும் வந்தது. வீட்டுக்காரர் பெயர் வந்தது. மேஸ்திரியின் முதுகு வந்தது. டீ ஆடை கட்டியது. முதல் தடவையாகச் செல்லியம்மாள் ஒரு ஜெபத்தின் பின்பாதிக்குள் நுழைந்தாள்.

"ஆண்டவரே, தெரியாமல் நான் சொன்ன சாட்சியை மன்னியும். வர்ற ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலயும் அதைத் திருத்திச் சொல்ல எனக்குப் பெலன் தாரும். நாளை மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பிக்கிறோம். எல்லாரும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவரக் கிருபை செய்யும். மூலை கட்ட வர்ற எங்க கொத்தனார் செல்லியம்மாளுடைய கையை ஆசீர்வதியும். ஆமென்."

துரைராஜ் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடம் திரும்ப நனைந்தது. இன்னொரு தடவை துடைத்தாள்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் குனிந்து பார்த்தார்.

"இது ஹர்ஷா கல்லுதானே?"

"கூடையோட வந்துட்டுது டீச்சர்."

"குடு. அவனே வைக்கட்டும்."

"நடுவுல."

"நடுவுலதான்," என்றார் டீச்சர். கல்லை எடுத்துச் சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஏழு மணி செல்லியம்மா. ஜெபத்துக்கு இருக்கணும், கலவைக்குப் போகக் கூடாது."

அவர் தெருவில் இறங்கிப் போனார். முட்டு இல்லாத கதவு மெல்ல அசைந்து, நகர்ந்து, தானாகச் சாத்திக்கொண்டது.

"காத்து," என்றார் துரைராஜ்.

"காத்து இல்லய்யா," என்றாள் செல்லியம்மாள். "கதவு நெல சாஞ்சி கீது. நீ குண்டு புடிக்காம வெச்ச நெல."